வடக்குக் கோலுக்குப் பின்னால் ஒரு சுவர்

கரட்டுப்பட்டிக் களத்துமேட்டின் கிழக்கு ஓரத்தில் நின்று ஒருவன் இருமினால், மேற்கு ஓரத்தில் கட்டியிருக்கும் மாடு அசைபோடுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்க்கும். களத்தின் அகலம் அவ்வளவுதான். நெல் அடித்துத் தூற்ற அது தாராளம். இரண்டு தேசத்துக்காரர்கள் வந்து பந்து ஆடவும் அது போதும் என்று நினைத்தவன் மருது ஒருவன்தான்.

மருது அந்த ஊரின் பெரிய வீட்டுப் பிள்ளை. மதுரையில் காலேஜில் படித்தான். படிப்பு எந்த அளவில் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. லீவுக்கு வரும்போதெல்லாம் கையில் பந்தோடு வருவான் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். அறுப்பு முடிந்து களம் சும்மா கிடக்கும் நாட்களில் ஊர் இளவட்டங்களைக் கூட்டிக்கொண்டு பொழுது இறங்கும்வரை உதைத்துக்கொண்டிருப்பான். அந்த மாசி மாதம் இலங்கையிலிருந்து ஒரு கால்பந்துக் குழு கப்பலேறி வந்தது. தனுஷ்கோடியில் ரயில் பிடித்து, மதுரையில் ஓர் ஆட்டம் ஆடிவிட்டுத் திருச்சிக்குப் போவதாக ஏற்பாடு. அவர்கள் மதுரை ஸ்டேஷனில் இறங்கியபோது நகரத்தில் காலரா பரவியிருந்தது. நகர எல்லைக்குள் கூட்டம் கூடக் கூடாது என்று தண்டோரா போட்டாகிவிட்டது. வந்தவர்களை என்ன செய்வது என்று ஏற்பாடு செய்தவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். அங்கே போய், திருச்சி ரோட்டில் எங்கள் ஊரில் ஒரு மைதானம் இருக்கிறது என்று மருது சொல்லிவிட்டான். மைதானம் என்ற சொல்லை அவன் எந்தக் கூச்சமும் இல்லாமல் சொன்னதாகப் பின்னால் பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் மதியம் மதுரைக் குழுவையும் இலங்கைக் குழுவையும் ஏற்றிக்கொண்டு மோட்டார் பஸ் வந்து நின்றது. கோடுபோட்ட சட்டையும் பூட்சுமாக இறங்கிய இலங்கைக்காரர்கள் மைதானம் எங்கே என்று கேட்டார்கள். அதன் நடுவில்தான் அவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நடுவராக வந்து ஊதல் வைத்திருந்த ரயில்வேக்காரர் நீளத்தையும் அகலத்தையும் அடி வைத்து அளந்து பார்த்தார். முடிந்ததும் எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லாமல் ஊதலைத் துடைக்கத் தொடங்கினார். மருதுவின் ஆட்கள் இரண்டு புளியமரங்களுக்கு நடுவே ஒரு துணியைக் கட்டியிருந்தார்கள். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பந்தயம் என்று அதில் எழுதியிருந்தது. தெற்குக் கோல் விருமாண்டியின் மாட்டுக்கொட்டத்தை ஒட்டி நின்றது. மூலையிலிருந்து பந்தை உதைப்பவன் கொட்டத்துக்குள் போய்த்தான் ஓடிவர வேண்டும். வடக்கே இரண்டு மூங்கில்களை நட்டு மேலே கயிறு கட்டியிருந்தார்கள். அதற்கு ஒரு பக்கம் வைக்கோல் படப்பு. பின்னால், கை நீட்டினால் எட்டும் தூரத்தில், ஒச்சாயி வீட்டு மண்சுவர்.

ஒச்சாயி அந்தச் சுவருக்கு உள்பக்கம் காலையிலிருந்தே நின்றுகொண்டிருந்தாள். சுவர் அவள் கழுத்தளவு உயரம். அவளுக்குப் பந்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. இலங்கையிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்பது மட்டும் தெரியும். அந்த ஒரு சொல் முந்தைய இரவு முழுவதும் அவளைத் தூங்கவிடவில்லை.

அவள் புருஷன் பேயாண்டி இலங்கைக்குப் போனவன். கல்யாணமாகி ஒரு வெள்ளாமைகூட எடுத்திருக்க மாட்டார்கள். அந்த வருஷம் மழை பொய்த்தது. தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் சேர்க்க வந்த கங்காணியோடு அவனும் புறப்பட்டுவிட்டான். முதலில் ஊருக்குத் திரும்பி வந்தவர்கள் வாயிலாக இரண்டொரு சேதி வந்தது. பிறகு அதுவும் நின்றுபோனது. அப்போது அவள் சின்னப் பெண். இப்போது காதோரம் நரை எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது. அவன் முகத்தை நினைத்துப் பார்த்தால் இடது புருவத்தில் இருந்த வெட்டுத் தழும்பு மட்டும் தெளிவாக வரும். மற்றதெல்லாம் தண்ணீருக்குள் பார்ப்பதுபோல் கலங்கும்.

அந்தப் பக்கத்தில் கல்யாணத்தை முறிக்கப் பெரிய சடங்கு ஒன்றும் கிடையாது. ஊரார் பார்க்கப் புருஷன் ஒரு வைக்கோல் துரும்பை எடுத்துப் பெண்டாட்டி கையில் கொடுப்பான். அவள் வாங்கிக்கொண்டால் தீர்ந்தது. அவன் வர முடியாத தூரத்தில் இருந்தால் வேண்டிய ஆள் ஒருவனிடம் கொடுத்தனுப்பலாம். அதையும் ஊர் ஒப்பும். துரும்பு வாங்கியவள் வேறு ஒருவனுக்கு வாழ்க்கைப்படலாம், யாரும் ஒரு சொல் சொல்ல மாட்டார்கள். வாங்காதவள் எத்தனை காலமானாலும் அவன் பெண்டாட்டிதான்.

கொட்டாம்பட்டிப் பக்கத்தில் காளை என்று ஒருவன் இருந்தான். மதுரை மில்லுக்குப் பஞ்சுப்பொதி ஏற்றிப்போகும் வண்டிக்காரன். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன், அதிகம் பேசாதவன். போகும்போதும் வரும்போதும் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஒச்சாயி வீட்டுக் கிணற்றடியில் நிறுத்துவான். அப்படித்தான் பழக்கம். போன வாரம், மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே, பங்குனி வரைக்கும் காத்திருப்பதாகவும் அதற்குமேல் அம்மா வேறு இடத்தில் பெண் பார்த்துவிடுவாள் என்றும் சொல்லிவிட்டுப் போனான்.

ஒச்சாயி தன் மாமனார் நல்லகாமனிடம் கேட்காமல் இல்லை. மகன் இடத்திலிருந்து அப்பன் துரும்பு கொடுத்தாலும் செல்லும் என்று ஊரில் இரண்டு பேர் சொல்லியிருந்தார்கள். நல்லகாமன் அதைக் காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ளவில்லை. அவருக்கும் அவளுக்கும் ஒரே முற்றம், வேறு வேறு குச்சுவீடு. மாமியார் போன பிறகு அவள்தான் அவருக்கும் சேர்த்துப் பொங்கிப் போட்டாள். அவர் தின்றுவிட்டு எழுந்து போவார். இருவருக்கும் நடுவில் பேச்சு என்று பார்த்தால் மாடு, மழை, உப்பு. அன்று ஒருநாள் மட்டும் அவர் கை கழுவிய ஈரத்தோடு நின்று சொன்னார்: "நான் குடுத்தா, எம் மகன் வர மாட்டான்னு நானே சொன்ன மாதிரி ஆயிரும். அவன் வந்து குடுக்கட்டும்." அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

இப்போது இலங்கையே பஸ் ஏறி வாசலுக்கு வந்திருக்கிறது. அவளுக்கு இலங்கை என்றால் கடலுக்கு நடுவில் ஒரு மலை, அதைச் சுற்றி ஓர் ஊர். கரட்டுப்பட்டியில் யாரைக் கேட்டாலும் யாரையும் தெரியும். அந்த ஊரிலும் அப்படித்தானே இருக்கும்? பதினொரு பேரில் ஒருவருக்காவது பேயாண்டியைத் தெரியாமலா போகும்? இருக்கிறானா, இல்லையா, இருந்தால் ஒரு துரும்பு கொடுத்துவிடச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

ஆட்டம் தொடங்கியது. படப்புகளின் மேலும் புளியங்கிளைகளிலும் கொட்டத்துக் கூரையிலும் ஆட்கள். முதல் பாதியில் வடக்குக் கோலில் நின்றவன் மதுரைக்காரன். பந்து அவன் பக்கமே சுற்றிச் சுற்றி வந்தது. மூன்று தடவை அவனைத் தாண்டிச் சுவரில் மோதியது. ஒவ்வொரு தடவையும் ஒச்சாயியின் நெஞ்சுக்கு நேராக மண் உதிர்ந்தது. அவள் நகரவில்லை. தெற்கே மாட்டுக்கொட்டத்துக்கு முன்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நின்ற இலங்கைக் கோல்காரனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் பாதியில் பக்கம் மாறுவார்கள் என்று யாரோ சொன்னது காதில் விழுந்திருந்தது.

மாறினார்கள். நெட்டையாக, மெலிந்து, மூக்குக் கூர்மையான அந்த மனிதர் வந்து அவளுக்கு முதுகைக் காட்டி நின்றார். ஆட்டம் முழுவதும் எதிர்முனையில் நடந்துகொண்டிருந்தது. இவர் பக்கம் பந்து வரவே இல்லை. சும்மா நின்றார். மூங்கிலில் சாய்ந்தார். படப்பில் சாய்ந்தார். ஊரே ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்க, இவர் ஒருவர் மட்டும் இந்தப் பக்கம் மறந்துவிட்ட சாமான்போல் நின்றிருந்ததைப் பார்க்க ஒச்சாயிக்கு என்னவோபோல் இருந்தது. அவர்தான் முதலில் திரும்பினார். "தங்கச்சி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாறீங்களோ?"

அவர் தமிழ் பேசுவார் என்று அவள் எதிர்பார்க்கவே இல்லை. செம்பில் தண்ணீர் கொண்டுவந்து சுவருக்கு மேலாக நீட்டினாள். அவர் அண்ணாந்து குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு, இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் கேட்டாள்.

"அண்ணே, பேயாண்டின்னு ஒருத்தரு. கரட்டுப்பட்டிதான் ஊரு. உங்க ஊருல தேயிலைத் தோட்டத்துல இருக்காரு. இடது புருவத்துல வெட்டுத் தழும்பு இருக்கும்."

"எந்தத் தோட்டம்?"

"தெரியல."

"எந்தப் பக்கம்? கண்டியோ, ஹட்டனோ?"

அந்தப் பெயர்களை அவள் கேள்விப்பட்டதே இல்லை. அவர் செம்பைத் திருப்பிக் கொடுத்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர்; கொழும்பில் ஒரு கந்தோரில் எழுத்து வேலை. மலைப்பக்கம் போனதே கிடையாதாம். அங்கே லட்சக்கணக்கில் சனம் இருக்கிறதாம். சொல்லிக்கொண்டே வந்தவர் அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். பிறகு, வேடிக்கையாகச் சொன்னால் வலி குறையும் என்று நினைத்தாரோ என்னவோ, "இலங்கை இந்த மைதானமளவு எண்டு நினைச்சிட்டீங்களோ?" என்றார்.

ஒச்சாயி சிரிக்க முயன்றாள். கேட்பதற்கு இனி ஒன்றும் இல்லை. ஒரு கடலுக்கு அப்பால் ஒரே ஊர் என்று இத்தனை காலம் நினைத்திருந்தது, ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கும் நேரத்தில் எல்லையே இல்லாத காடாகிவிட்டது. அவரும் போகாமல் நின்றார். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "தலையெல்லாம் வைக்கோலு ஒட்டியிருக்கு, அண்ணே," என்றாள். படப்பில் சாய்ந்து சாய்ந்து அவர் தலை குருவிக்கூடாகியிருந்தது.

அவர் தலையைத் தடவி ஒரு துரும்பை எடுத்தார். "உங்கட வைக்கோல்தானே, பிடியுங்கோ," என்று சிரித்துக்கொண்டே சுவருக்கு மேலாக நீட்டினார். யாராவது எதையாவது நீட்டினால் கை தானாகப் போவதுபோல் அவள் கை போனது. வாங்கிக்கொண்டாள்.

அதே நேரத்தில் தெற்கே, தன் கோலைக் காப்பாற்ற வேறு வழியில்லாமல், மதுரைக்காரன் ஒருவன் பந்தைக் கண்மண் தெரியாமல் ஓங்கி உதைத்தான். வேறு எந்த மைதானமாக இருந்தாலும் அது நடுவிலேயே விழுந்திருக்கும். இங்கே எல்லோர் தலைக்கும் மேலாகப் பறந்து, ஒருமுறை குதித்து, ஆளில்லாத வடக்குக் கோலுக்குள் உருண்டு போனது. களத்துமேட்டில் இருந்த அத்தனை கண்களும் பந்தோடு வந்தன. வந்த கண்கள் பந்தில் நிற்கவில்லை. இலங்கையிலிருந்து வந்த ஒரு ஆள், ஊரார் எல்லோரும் பார்க்க, ஒச்சாயியின் கையில் துரும்பு கொடுத்துக்கொண்டிருந்தார்.

மருது மட்டும் கோல் என்று கத்திக்கொண்டு துள்ளினான். கூட யாரும் துள்ளவில்லை என்று தெரிந்ததும் அவனும் நின்றுவிட்டான். கோல்காரர் திரும்பிப் பார்த்துத் தலையில் கை வைத்தார். அவர் தோழர்கள் ஓடிவந்து அவரை ஏசினார்கள். அவருக்கு அந்த ஏச்சு புரிந்தது. ஊரின் மௌனம் புரியவில்லை. புளியமரத்து அடியில் நல்லகாமன் எழுந்து நின்றிருந்தார். ஒச்சாயி அப்போதுதான் தன் கையைப் பார்த்தாள்.

இலங்கை ஜெயித்தது. ஆனால் மிச்ச ஆட்டத்தை ஊரில் யாரும் பார்க்கவில்லை. திருச்சி ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று ஊதல்காரர் பறக்க, விளையாடிய வேர்வையோடு எல்லோரும் பஸ்ஸில் ஏறினார்கள். நல்லகாமன் ஆட்டம் முடியும்வரை புளியமரத்தடியிலேயே நின்றுவிட்டார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் வந்து சேர்வதற்குள் பஸ் ரோடேறிவிட்டது. அதன் பின்னால் கொஞ்சதூரம் ஓடினார். யாரையும் அவர் அப்படி ஓடித் துரத்தி அந்த ஊர் பார்த்ததில்லை.

பிறகு ஊரார் சுவர் ஓரமாக வந்து கூடினார்கள். விருமாண்டிதான் வாயைத் திறந்தார். பேயாண்டி கொடுத்தனுப்பியதுதானா என்று கேட்டார். ஒச்சாயி துரும்பை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். இல்லை என்ற ஒரு சொல் போதும். நாக்கு நுனிவரை வந்தது. கூட்டத்துக்குப் பின்னால் வண்டியின் நுகத்தடியில் கை வைத்தபடி காளை நின்றிருந்தான். ஆட்டம் பார்க்க வந்தவன். அவன் அவளைப் பார்த்த பார்வையில் அந்தச் சொல் திரும்பிப் போய்விட்டது.

அவளுக்குப் பதிலாக நல்லகாமன் சொன்னார்: "குடுத்தது குடுத்ததுதான். அவ இனி எம் மகன் பெண்டாட்டி இல்ல." சொல்லும்போது அவர் முகம் முழுக்கக் கண்ணீர். "எம் மகன் உசுரோட இருக்கான்."

அன்று சாயங்காலம் அவர் வழக்கம்போல் தின்றுவிட்டு எழுந்து போகவில்லை. தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து பேசினார். இத்தனை வருஷத்தில் அவள் கேட்காத அளவு பேசினார். பேயாண்டி சின்ன வயதில் கண்மாயில் விழுந்தது, புருவத்தில் வெட்டு வாங்கியது, கோபம் வந்தால் சோற்றைத் தொடமாட்டான் என்பது. அவளுக்கு எல்லாம் புதிது. பிறகு, மாட்டை விருமாண்டியிடம் விட்டுவிட்டு வருகிற வாரமே தனுஷ்கோடிக்குப் போய்க் கப்பலேறப் போவதாகச் சொன்னார். மலையைச் சொல்லிவிட்டால் போதும், கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்துவிடுவாராம். "எந்த மலைன்னு சொன்னாரு அந்தத் தம்பி?"

ஒச்சாயி அடுப்பில் கிடந்த குச்சியை உள்ளே தள்ளினாள். ஒரு மலையின் பெயரைச் சொல்லிவிடலாம். மதியம் கேட்ட இரண்டு பெயர்களும் ஞாபகத்தில் இருந்தன. இந்த வயதில், அந்தக் காட்டில், ஒவ்வொரு தோட்டமாக நின்று புருவத்துத் தழும்பைச் சொல்லி விசாரித்துக்கொண்டு இவர் அலைவதை அவளால் கண்முன் பார்க்க முடிந்தது.

"அவருக்கு உங்க மகனைத் தெரியாது, மாமா."

நல்லகாமன் விளங்காமல் பார்த்தார்.

"நான்தான் கேட்டேன். தெரியாதுன்னுட்டாரு. தலையில வைக்கோலு ஒட்டியிருக்குன்னு சொன்னேன். ஒண்ண எடுத்து வெளாட்டா நீட்டுனாரு. நானும் வாங்கிட்டேன்."

அடுப்பு எரிந்து தணிந்தது. அவள் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிடலாம் என்று, காலையில் ஊரைக் கூட்டி உண்மையைச் சொல்லிவிடுவதாகச் சொன்னாள். காளையை நினைக்கவில்லை, நினைத்தால் சொல்ல வராது.

"வேணாம்," என்றார்.

"பொய்யாயிருமே, மாமா."

"ஆகட்டும். ஊருல போற வார பயலெல்லாம் அவன் செத்துப்போனான்னு எங்காதுபடப் பேசியிருக்கான். இன்னைக்கு மத்தியானத்துல இருந்து ஒருத்தனும் பேசல." அவர் எழுந்து வேட்டியைத் தட்டினார். "நீ போயிரு. கஞ்சி காய்ச்ச எனக்குத் தெரியும்." தன் குச்சுக்குள் போனார். அவர் படுத்ததும் அவள் படுத்தாள். இரண்டு குச்சுகளிலும் யாரும் தூங்கவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

பங்குனி பிறப்பதற்கு முன்பே காளை தன் அம்மாவோடு வந்தான். பெரிய ஏற்பாடு ஒன்றும் இல்லை. ஒரு சேலை, ஒரு பித்தளைக் குடம். ஒச்சாயி மாமனாரிடம் சொல்லிக்கொள்ள அவர் குச்சைப் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது. வண்டியில் ஏறினாள்.

களத்துமேட்டைச் சுற்றிப் போகும்போது நல்லகாமன் அங்கே இருந்தார். விருமாண்டியும் இன்னும் நாலைந்து பேரும் அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவர் பேசிக்கொண்டிருந்தார். மலையில் குளிர் தாங்கவில்லையாம். கம்பளியைப் போர்த்திக்கொண்டுதான் பேயாண்டி வேலைக்குப் போகிறானாம். அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டானாம், அதனால்தான் துரும்பு கொடுத்துவிட்டானாம். ஒரு பையன் இருக்கிறானாம். வண்டி வந்ததைப் பார்த்தும் அவர் நிறுத்தவில்லை; அவளைப் பார்க்கவும் இல்லை.

விருமாண்டி வண்டியைக் கைகாட்டி நிறுத்தினார். "பேரனுக்கு என்ன பேரு வச்சிருக்காகளாம் ஒச்சாயி? கேட்டா இந்தாளு முழிக்கிறாரு. அந்தத் தம்பி உங்கிட்டதான அம்புட்டும் பேசுச்சு?"

நல்லகாமன் அப்போதுதான் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஒன்றும் கேட்காமல், வெறுமனே பார்த்தார்.

"நல்லகாமன்னு வச்சிருக்காகளாம்," என்றாள் ஒச்சாயி. "தாத்தா பேரத்தான்."

அப்படித்தான் வைப்பார்கள் என்று விருமாண்டி தலையாட்டினார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். நல்லகாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். காளை மாட்டைத் தட்டினான்.

வண்டி ரோடேறி ஊர் மறைந்தது. காளையின் அம்மா கண்ணயர்ந்துவிட்டாள். பிறகு காளை திரும்பாமலே கேட்டான். "பையன் பேரெல்லாமா சொன்னாரு அந்தாளு? நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். கொஞ்சூண்டு நேரம்தான நின்னு பேசுனாரு."

ஒச்சாயி பதில் சொல்ல வாயெடுத்தாள். இவனிடம் சொல்லலாம், சொல்ல வேண்டிய ஆளும் இவன்தான். ஆனால் அங்கே களத்தில் ஒருவர் பேரனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பேரன் இல்லை என்று தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். மூன்றாவதாக ஒருவருக்குத் தெரிந்தால் அந்தப் பிள்ளை செத்துப்போய்விடும் என்று அவளுக்குத் தோன்றியது.

"ஆமா," என்றாள். "அதையும் சொன்னாரு."

காளை கயிற்றைச் சுண்டி மாட்டை விரட்டினான். வண்டியின் பின்முனையில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, சக்கரத் தடங்கள் பின்னால் நீண்டுகொண்டே போவதைப் பார்த்தபடி அவள் கொட்டாம்பட்டிவரை உட்கார்ந்திருந்தாள்.